ஹெல்த் எகனாமிக்ஸ் முதுகலையில் என்னதான் சொல்லித்தருகிறார்கள்?

சுகாதாரப் பொருளாதாரம் படித்தேன் என்று சொன்னால் ஊரில் முதலில் வரும் கேள்வி, "ஆஸ்பத்திரி நிர்வாகமா?" இல்லை என்றால் அடுத்தது, "அப்போ இன்சூரன்ஸ் கம்பெனி வேலையா?" அதுவும் இல்லை என்றதும் என் அத்தை கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, முட்டி ஆபரேஷனுக்கு எங்க போனா கம்மியா முடியும், அதையாவது சொல்லு" என்றார். நியாயமான கேள்வி. அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

அந்தப் படிப்பு என்ன என்பதை ஒரு ஊசியிலிருந்து ஆரம்பித்தால் சுலபமாகப் புரியும். 2021இல் தமிழ்நாட்டில் வாட்ஸ்அப் வைத்திருந்த எல்லோருக்கும் 16 கோடி ரூபாய் ஊசி நினைவிருக்கும். முதுகுத்தண்டு தசைச் சிதைவு என்ற மரபணு நோயோடு பிறந்த குழந்தைக்கு, ஆயுளில் ஒரே ஒரு முறை போடுகிற ஸோல்ஜென்ஸ்மா. ஊர் ஊராகப் பணம் திரட்டினார்கள், இறக்குமதி வரியைத் தள்ளுபடி செய்யச் சொல்லிக் கேட்டார்கள், கிடைத்தது. நானும் கொஞ்சம் அனுப்பினேன். அனுப்பிய யாரும் தப்பு செய்யவில்லை. ஆனால் வகுப்பில் இதே விஷயம் வேறு மாதிரி வரும். நன்கொடை இல்லை, அரசே தன் சுகாதார பட்ஜெட்டிலிருந்து அந்த 16 கோடியைக் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். அப்போது எது நிற்கும்? எந்த ஊரில் டயாலிசிஸ் மெஷின் வாங்குவது தள்ளிப்போகும், எத்தனை பேருக்குச் சர்க்கரை மாத்திரை கிடைக்காமல் போகும்? ஊசி தேவைப்படும் குழந்தைக்கு முகம் இருக்கிறது, பெயர் இருக்கிறது, அழுகிற அம்மா இருக்கிறார். மாத்திரை கிடைக்காமல் போகிறவர் யார் என்று அவருக்கே தெரியாது. இரண்டு ஆண்டு முழுக்க, அல்லது பிரிட்டனில் படித்தால் ஓராண்டு முழுக்க, இந்தப் படிப்பு திரும்பத் திரும்பக் கேட்கச் சொல்லித்தருவது முகம் தெரியாத இந்த இரண்டாவது ஆளைப் பற்றித்தான். மற்றதெல்லாம் அதற்கான கருவிகள்.

பிரிட்டனில் இந்தக் கேள்வியைக் கேட்பதற்கென்றே 1999இல் ஒரு அமைப்பை உண்டாக்கினார்கள், நைஸ் என்பார்கள். புது மருந்து வந்தால், அது தரும் கூடுதல் நலனுக்குக் கூடுதல் செலவு தகுமா என்று கணக்குப் போட்டு, அரசு மருத்துவச் சேவை அதை வாங்கலாமா வேண்டாமா என்று சொல்கிறது. நெடுங்காலம் அவர்கள் வைத்திருந்த வரம்பு, ஒரு குவாலிக்கு (முழு ஆரோக்கியத்தோடு வாழும் ஓர் ஆண்டு என்று இப்போதைக்கு வைத்துக்கொள்ளுங்கள்) 20,000 முதல் 30,000 பவுண்டு. மிக அரிய நோய்களுக்கு மட்டும் இது 1 லட்சத்தில் ஆரம்பித்து 3 லட்சம் வரை போகலாம். ஸோல்ஜென்ஸ்மாவின் பட்டியல் விலை அங்கே ஏறத்தாழ 17.9 லட்சம் பவுண்டு. கம்பெனியோடு பேரம் பேசி, வெளியே சொல்லாத ஒரு தள்ளுபடி விலைக்கு 2021இல் ஒப்புதல் கொடுத்தார்கள். அரிய நோய்க் குழந்தைக்கு மற்றவர்களைவிடப் பத்து மடங்கு வரை செலவழிக்கத் தயார் என்று அங்கே எழுதியே வைத்திருக்கிறார்கள். அது சரியா தப்பா என்று சண்டை போடலாம். ஆனால் சண்டை போடுவதற்கு ஒரு எண் இருக்கிறது. நம்மூரில் அந்த எண் வாட்ஸ்அப் பார்வர்டின் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

இதில் இன்னொரு கொக்கி இருக்கிறது. யார்க் பல்கலைக்கழகத்தில் 1983 முதல் சுகாதாரப் பொருளாதார மையம் ஒன்று இருக்கிறது. இந்தத் துறைக்கு அது தாய்வீடு மாதிரி. அங்கிருந்தவர்கள் பிரிட்டன் அரசு மருத்துவச் சேவையின் செலவுக் கணக்கைக் குடைந்து, அங்கே ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் சிகிச்சைகளில் சராசரியாக 13,000 பவுண்டுக்கு ஒரு குவாலி கிடைக்கிறது என்று 2015இல் காட்டினார்கள். அதாவது 30,000 பவுண்டுக்கு ஒரு குவாலி என்று ஒரு மருந்தை வாங்கும் ஒவ்வொரு தடவையும், வேறெங்கோ இரண்டுக்கும் மேற்பட்ட குவாலிகளை இழக்கிறோம். முகம் தெரியாத ஆளுக்கு நம்மால் கொடுக்க முடிந்த முகம் இவ்வளவுதான், ஒரு எண்.

குவாலி, குவாலி என்று சொல்லிக்கொண்டே போகிறேன். தரம் சேர்த்துக் கணக்கிட்ட ஆயுள் ஆண்டு என்று தமிழில் சொல்லலாம். முழு ஆரோக்கியத்தோடு ஓராண்டு வாழ்ந்தால் 1. இறப்பு 0. நடுவில் இருப்பவர்களை எங்கே வைப்பது? அத்தையின் முட்டியையே எடுத்துக்கொள்வோம். ஈக்யூ-5டி என்று ஒரு கேள்வித்தாள் உண்டு, ஐந்தே கேள்வி. நடமாட்டம் எப்படி, தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ள முடிகிறதா, அன்றாட வேலைகள் ஓடுகிறதா, வலி எவ்வளவு, மனக்கவலை எவ்வளவு. அத்தை டிக் அடிப்பதை ஒரு அட்டவணையில் போட்டால் 0.6 என்று வருகிறது என்று வைப்போம். அதே நிலையில் ஐந்தாண்டு வாழ்ந்தால் 3 குவாலி. அறுவை சிகிச்சைக்குப் பிறகு 0.8 ஆனால் அதே ஐந்தாண்டுக்கு 4. வித்தியாசம் 1.

அந்த 0.6ஐ யார் முடிவு செய்தது? இதை முதல் வாரத்திலேயே கேட்காத மாணவர் வகுப்பில் இருக்கவே கூடாது என்பேன். பொதுமக்களிடம் கேட்டுத்தான் முடிவு செய்கிறார்கள். "இப்படி வலியோடு 10 வருஷம் வாழ்வதா, ஒரு வலியும் இல்லாமல் 6 வருஷம் வாழ்வதா, எது வேண்டும்?" என்று ஆட்களைப் பேரம் பேச வைத்து எடுக்கிற எண் அது. இந்தியாவுக்கென்று அப்படி ஓர் அட்டவணை 2022இல்தான் வெளியானது. சண்டிகர் முதுகலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தினர் 5 மாநிலங்களில் 3,500 பேருக்கு மேல் கேட்டுத் தயாரித்தார்கள். அதுவரை வேறு நாட்டுக்காரர்களின் விருப்பத்தைக் கடன் வாங்கித்தான் நம் முட்டிவலிக்கு மதிப்புப் போட்டுக்கொண்டிருந்தோம். தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிடுவதும் இந்தியக் கழிவறையில் உட்கார்ந்து எழுவதும் அந்த ஊர்க்காரர்களின் 'அன்றாட வேலை'யில் எங்கே வரும்?

இனி கணக்கு. எண்கள் நானாக வைத்துக்கொண்டவை. பழைய சிகிச்சைக்கு 20,000 ரூபாய், 4 குவாலி. புதியதற்கு 1,40,000 ரூபாய், 4.5 குவாலி. கூடுதல் செலவு 1,20,000, கூடுதல் பலன் 0.5. வகுத்தால் ஒரு குவாலிக்கு 2,40,000 ரூபாய். இந்த எண்ணைத்தான் ஐசர் என்று ஆண்டு முழுவதும் சொல்லிச் சொல்லிச் சாவோம். இந்தியாவில் மருத்துவத் தொழில்நுட்ப மதிப்பீட்டுக்காக மத்திய அரசின் சுகாதார ஆராய்ச்சித் துறை 2017இல் ஓர் அமைப்பைத் தொடங்கியது. அது வழக்கமாக ஒப்பிட்டுப் பார்ப்பது நாட்டின் தலா உற்பத்தியோடு. 2023-24இல் அது 2 லட்சம் ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே இருந்தது. அப்படியானால் நம் புதிய சிகிச்சை விளிம்பில் நிற்கிறது. மருந்து விலையைப் பத்து, இருபது சதவீதம் குறைத்தால் உள்ளே வந்துவிடும். உண்மையில் இந்தக் கணக்கின் பெரிய பயனே அங்கேதான் இருக்கிறது. வேண்டும், வேண்டாம் என்பதைவிட, 'இந்த விலைக்குக் கொடுத்தால் வாங்குகிறோம்' என்று கம்பெனியிடம் சொல்ல ஒரு பிடி கிடைக்கிறது.

நிஜத்தில் சிகிச்சையின் பலன் ஒரே நாளில் தெரியாது. நோயாளி நலமாக இருக்கிறார், அடுத்த ஆண்டு மோசமாகிறார் அல்லது அப்படியே இருக்கிறார், அப்புறம் ஒருநாள் இறக்கிறார். இதை மார்க்கோவ் மாடல் என்று எக்செல்லில் கட்டுவோம். ஆயிரம் கற்பனை நோயாளிகளை முதல் வரிசையில் நிறுத்தி, ஒவ்வோர் ஆண்டும் இத்தனை சதவீதம் இந்தக் கட்டத்திலிருந்து அந்தக் கட்டத்துக்கு என்று நகர்த்திக்கொண்டே போக வேண்டும். என் முதல் மாடலில் 17ஆம் ஆண்டு வரை எல்லாம் சுபம். அதற்குப் பிறகு இறந்தவர்களின் எண்ணிக்கை குறைய ஆரம்பித்தது! ஒரு செல்லில் சூத்திரத்தை இழுத்தபோது டாலர் குறி போட மறந்துவிட்டேன். விளைவு, 40 பேர் கல்லறையிலிருந்து எழுந்து 'மிதமான நோய்' கட்டத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். மருந்து பிரமாதமாக வேலை செய்வதாக முடிவு வந்தது. விடிகாலை மூன்று மணிக்கு அதைக் கண்டுபிடித்தேன். அன்றிலிருந்து எந்த ஆய்வறிக்கையைப் பார்த்தாலும் முதலில் ஒவ்வொரு வரிசையின் கூட்டுத்தொகையும் ஆயிரம் வருகிறதா என்றுதான் பார்ப்பேன்.

தள்ளுபடி விகிதம் என்று இன்னொரு சங்கதி உண்டு. இன்றைய ஒரு ரூபாய் பத்தாண்டு கழித்து வரும் ஒரு ரூபாயைவிட மதிப்பு கூடியது, அதேபோல இன்றைய ஆரோக்கியமும் என்று வைத்து, எதிர்காலப் பலனை ஆண்டுக்கு 3 சதவீதம் கழித்துக்கொண்டே வருவார்கள். இந்திய வழிகாட்டுதலிலும் அதே 3தான். கேட்க அப்பாவித்தனமாக இருக்கிறது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசியில் போட்டுப் பாருங்கள். தமிழ்நாடு 2025-26 பட்ஜெட்டில் 14 வயதுச் சிறுமிகளுக்கு இதைப் போட 36 கோடி ரூபாய் ஒதுக்குவதாக அறிவித்தது. செலவு இன்று. அந்தப் பெண்ணுக்குப் புற்றுநோய் வராமல் போவது அவருடைய நாற்பதுகளில். முப்பது ஆண்டு கழித்துக் கிடைக்கும் ஓர் ஆண்டு ஆயுள், 3 சதவீதத்தில் கழித்தால் இன்றைக்கு 0.41 ஆண்டுதான். அந்த 3ஐ 1 ஆக்கினால் அதே தடுப்பூசி இன்னும் மலிவாகத் தெரியும், 6 ஆக்கினால் படுத்துவிடும்.

சரி, கருவிகள் போதும். கோட்பாட்டுப் பக்கம் எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் கென்னத் ஆரோவின் 1963 கட்டுரையிலிருந்துதான் தொடங்கும். சாரம் இதுதான்: மருத்துவம் கத்தரிக்காய் மாதிரி இல்லை. கத்தரிக்காயை அழுத்திப் பார்த்து வாங்கலாம். எந்த ஸ்கேன் தேவை என்று நோயாளிக்குத் தெரியாது, தெரிந்த ஒரே ஆள் அதை விற்கிறவர்தான். எப்போது நோய் வரும் என்பதும் தெரியாது. ஆகவே சந்தையை அதன் போக்கில் விட்டால் தானாகச் சரியாகிவிடாது. இதற்குத் தமிழ்நாட்டு உதாரணமே கையில் இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இங்கே அரசு மருத்துவமனைப் பிரசவங்களில் 36 சதவீதம் சிசேரியன், தனியாரில் 63.8 சதவீதம். இந்த இடைவெளி முழுக்கப் பேராசையால் வந்தது என்று சொல்ல முடியாது. யார் எங்கே போகிறார்கள், வயது என்ன, முதல் பிரசவம் சிசேரியனா, நல்ல நாள் பார்த்துக் கேட்கிறார்களா எல்லாம் கலந்திருக்கிறது. எவ்வளவு தேவையால், எவ்வளவு கட்டணத்தால் என்று பிரித்தெடுக்கத்தான் எகனோமெட்ரிக்ஸ் தாள். பலருக்கும் காய்ச்சல் வரவைக்கும் தாள்.

பிறகு ராண்ட் என்ற ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிசோதனை. 1970களில் அமெரிக்காவில் குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்கு வைத்தியம் முற்றிலும் இலவசம், சிலருக்குக் கால்வாசிச் செலவு தங்கள் கையிலிருந்து, சிலருக்குக் கிட்டத்தட்ட முழுவதும், ஓர் உச்சவரம்பு வரை, என்று ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள். கைக்காசு கொடுக்க வேண்டியவர்கள் மருத்துவரிடம் போவதைக் குறைத்துக்கொண்டார்கள், சராசரி ஆளின் உடல்நிலையில் பெரிய வித்தியாசமும் இல்லை. இலவசம் என்றால் தேவைக்கு மேல் பயன்படுத்துவார்கள் என்ற மாரல் ஹசார்ட் நிரூபணமானது என்று ஒரு கூட்டம் கொண்டாடியது. ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால், மக்கள் தேவையற்றதை மட்டும் குறைக்கவில்லை, தேவையானதையும் அதே அளவு குறைத்திருந்தார்கள். ஏழைகளில் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இலவசமே மேலாக இருந்தது. 2021 ஆகஸ்ட்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியபோது, பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பது ஆடம்பரம் என்று சிலர் பேசினார்கள். அவர்களுக்கு இந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்துக் கொடுக்கலாம் என்று தோன்றியது.

கொள்கைப் பாதி வேறு உலகம். எக்செல்லில் வந்த எண்ணை அமைச்சர் மேசையில் வைத்தால் என்ன ஆகும் என்பதுதான் அங்கே பாடம். எனக்குப் பிடித்த கதை தாய்லாந்துடையது. 2002 வாக்கில் 30 பாட் கொடுத்தால் வைத்தியம் என்று எல்லோருக்கும் காப்பீடு கொண்டுவந்தார்கள், ஆனால் டயாலிசிஸ் அதில் இல்லை. அரசு ஊழியருக்கு உண்டு, கம்பெனித் தொழிலாளிக்கு உண்டு, விவசாயிக்கு இல்லை. பொருளாதார நிபுணர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். வயிற்றுக்குள் திரவம் விட்டுச் செய்வதும் சரி, மெஷினில் செய்வதும் சரி, இரண்டுமே எந்த வரம்புக்குள்ளும் அடங்கவில்லை. கணக்கின்படி பதில், வேண்டாம். 2008இல் அரசு வேண்டும் என்று முடிவு செய்தது. நிலத்தை விற்று டயாலிசிஸ் செய்து குடும்பங்கள் அழிவதை குவாலி கணக்கு பார்ப்பதில்லை, மூன்று திட்டங்களுக்கு நடுவே இருந்த அநீதியையும் பார்ப்பதில்லை, நோயாளிகள் சங்கங்களின் குரலையும் பார்ப்பதில்லை. அப்படியென்றால் கணக்கு வீணா? இல்லை. வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய, மெஷினும் நர்சும் குறைவாகத் தேவைப்படும் வயிற்று டயாலிசிஸ்தான் முதலில் என்று வகுத்ததற்கு அந்தக் கணக்குதான் காரணம். 2022இல் நோயாளி விருப்பம் என்று தளர்த்தினார்கள், கூட்டம் மளமளவென்று மெஷின் பக்கம் நகர்ந்தது, செலவு தலைவலி ஆனது. ஒரு செமஸ்டர் முழுக்க இந்த ஒரே கதையை வைத்துப் பாடம் நடத்தலாம்.

நம் பக்கத்தில் அப்படிப்பட்ட கதை, தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். 1994இல் பதிவாகி, 1995 தொடக்கத்தில் மருந்து வாங்க ஆரம்பித்தது. மாநிலத்துக்கே ஒரே கொள்முதல்காரர், மூலப்பெயரில் டெண்டர், தரச்சோதனை, ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் பேங்க் பாஸ்புக் மாதிரி ஒரு மருந்து பாஸ்புக், அதில் வரவும் பற்றும். இதில் பெரிய தத்துவம் எதுவும் இல்லை, ஆனால் கேரளமும் ராஜஸ்தானும் பின்னால் இதே வழியில் கழகம் அமைத்தன. குறைந்த செலவில் நல்ல ஆரோக்கியம் என்று 1985இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை வெளியிட்ட தொகுப்பில் இலங்கையும் கேரளமும் இருந்தன, கால் நூற்றாண்டு கழித்து அதே கேள்வியை மறுபடி கேட்ட ஆய்வில் தமிழ்நாடு இடம்பிடித்தது. வெளிநாட்டு வகுப்பறையில் உட்கார்ந்து நம் ஊர் மருந்துக் கிடங்கைப் பற்றிப் படிக்கும்போது வருகிற உணர்ச்சி கொஞ்சம் விநோதமானது.

எங்கே படிப்பது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பொருளாதாரம்தான் அடிப்படை, கணிதம் வரும் என்றால் யார்க். கொள்கைப் பக்கம் சாய்வு என்றால் லண்டனில் எல்.எஸ்.இ.யும் (லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ்) ஹைஜீன் அண்ட் டிராபிகல் மெடிசின் கல்லூரியும் சேர்ந்து நடத்தும் படிப்பு. ஆசியச் சூழலே வேண்டும் என்றால் பாங்காக்கில் சுலலாங்கோர்ன், மகிதோல் இரண்டையும் பலர் கவனிப்பதே இல்லை, அது தப்பு. இந்தியாவில் தனிப்பட்ட சுகாதாரப் பொருளாதார முதுகலை குறைவு, பெரும்பாலும் பொதுச் சுகாதார முதுகலையான எம்.பி.எச்.சுக்குள் ஒரு பிரிவாகத்தான் வரும். திருவனந்தபுரம் அச்சுத மேனன் மையம், மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனம், சென்னையில் ஐ.சி.எம்.ஆரின் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் ஆகியவற்றின் பாடத்திட்டத்தை எடுத்துப் பாருங்கள். பெயரில் 'பாலிசி' இருந்தும் உள்ளே ஆஸ்பத்திரி மார்க்கெட்டிங் சொல்லித்தரும் படிப்புகளும் நிறைய உண்டு. மாடல் கட்டும் தாள் ஒன்றாவது கட்டாயமா, ஆய்வேட்டுக்கு உண்மையான தரவு கிடைக்குமா, இந்த இரண்டையும் கேட்டால் போதும், தரம் பிரிந்துவிடும்.

வகுப்பில் பாதி மருத்துவர்களும் மீதி பொருளாதாரக்காரர்களும் இருப்பார்கள். மருத்துவர்களுக்குச் சராசரி என்ற சொல்லே கசக்கும், "என் முன்னால் உட்கார்ந்திருக்கிற நோயாளி சராசரி இல்லையே" என்பார்கள். பொருளாதாரக்காரர்களுக்கு எதையும் வகுத்துவிடலாம் என்ற நினைப்பு, கீமோதெரபி வார்டுக்குள் ஒரு தடவை போய்விட்டு வந்தால் அடங்கும்.

வேலை? அரசு மதிப்பீட்டு மையங்கள், மாநிலச் சுகாதார இயக்கங்கள், ஆராய்ச்சி நிறுவனங்கள், சர்வதேச அமைப்புகள் எல்லாம் உண்டு, ஆனால் இடங்கள் கொஞ்சம், ஒப்பந்தங்கள் குறுகியவை. சம்பளம் அதிகம் இருப்பது மருந்துக் கம்பெனிகளிலும் அவர்களுக்காக வேலை செய்யும் ஆலோசனை நிறுவனங்களிலும். பெங்களூரு, ஹைதராபாத், குருகிராமில் இருந்துகொண்டு ஐரோப்பிய அரசுகளிடம் விலை கேட்பதற்கான மாடல்களைக் கட்டுவார்கள். அதே மார்க்கோவ், அதே எக்செல், மேசைக்கு எதிர்ப்பக்கம். கடன் வாங்கிப் படித்தவர் அங்கே போனால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் போவது எந்தப் பக்கம் என்று தெரிந்து போக வேண்டும்.

விண்ணப்பிப்பதற்கு முன் ஒரு காரியம் செய்து பாருங்கள். இந்தியாவில் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் நேரடியாகக் கைக்காசாகக் கொடுப்பது 2013-14இல் 64.2 சதவீதம், 2021-22இல் 39.4 சதவீதம் என்கிறது அரசின் தேசியச் சுகாதாரக் கணக்கு. அதே 2021-22இல் அரசுகளின் சுகாதாரச் செலவு நாட்டு உற்பத்தியில் 1.84 சதவீதம், 2017 கொள்கை 2025க்குள் எட்ட நினைத்தது 2.5. கைக்காசு இவ்வளவு இறங்கியது நிஜமா, கணக்கெடுப்பு முறையின் வேலையா என்று ஆய்வாளர்கள் மோதிக்கொண்டிருக்கிறார்கள். அந்த மோதலின் நடுவில் இருப்பது 2017-18 தேசிய மாதிரி ஆய்வின் 75வது சுற்று. வீடு வீடாகக் கேட்ட விவரம், பெயர் நீக்கப்பட்டு, புள்ளியியல் அமைச்சகத்தின் தளத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. இறக்கிக்கொண்டு தமிழ்நாட்டை மட்டும் பிரித்தெடுங்கள். மருந்து, டாக்டர் பீஸ், பரிசோதனை, படுக்கை, போக்குவரத்து என்று தனித்தனிப் பத்தியாக இருக்கும். எதில் எவ்வளவு போகிறது, காப்பீட்டு அட்டை வைத்திருப்பவருக்கும் இல்லாதவருக்கும் என்ன வித்தியாசம் என்று பாருங்கள். சாப்பாட்டு நேரம் தாண்டியது தெரியாமல் உட்கார்ந்திருந்தால் விண்ணப்பத்தைத் திறக்கலாம். பத்தாவது நிமிடத்தில் கொட்டாவி வந்தால், கல்விக்கடனுக்குக் கையெழுத்துப் போடும் முன்பே தெரிந்ததே என்று மூடி வைத்துவிடலாம்.